சாரல் காற்றும் பிளாஸ்மா மேசையும்

ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்த சாரல் செங்கோட்டையில் எங்கள் பட்டறையின் தகரக் கூரை மேல் ஓயாமல் பொடித்துக்கொண்டிருந்தது. நானே கட்டிய, கணினி இயக்கும் பிளாஸ்மா மேசையில் இரும்புத் தகடு வெட்டுகிறவன் நான்; அழுத்தக் காற்றை மின்வில்லால் சுட்டு, அந்தத் தாரையால் தகட்டை உருக்கி அறுக்கும் கருவி அது. அதன் வெட்டுமுனையான டார்ச்சில் புது நாசில் (தாரை வெளிவரும் சிறு துளையுள்ள முனை) ஒன்றை மாட்டி 3 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகட்டில் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு வெட்டும் தகட்டைத் துளைத்துத்தான் தொடங்கும்; 28ஆவது துளைப்போடு அந்த நாசிலின் ஆயுள் முடிந்தது. கழற்றிப் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய அதன் துளை ஒரு பக்கமாக அரித்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. பிப்ரவரி முதல் மே வரை, அதே கடையில் வாங்கிய அதே வகை நாசில்கள் ஒவ்வொன்றும் சராசரியாக 250 துளைப்புகள் உழைத்ததை நோட்டில் குறித்து வைத்திருந்ததால், ஏதோ ஒன்று மாறிவிட்டது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. மாறியது எது என்று கண்டுபிடிக்க ஐந்து வாரமும் பதினொரு நாசிலும் செலவாயின.

மேசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டும் பரப்பு 1250க்கு 1250 மி.மீ. கடையில் கிடைக்கும் எட்டடிக்கு நாலடித் தகட்டில் சரிபாதியை அப்படியே ஏற்றலாம் என்பதற்காகவே அந்த அளவு. 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ இருக்கும். முழுத் தகடு சுமார் 70 கிலோ வந்துவிடும் என்பதால், தனியாளாக வேலை செய்யும் எனக்குப் பாதித் தகடே போதும். சட்டம் சதுரக் குழாயில் வெல்டிங் செய்தது. நீளவாட்டில் இரண்டு, குறுக்குவாட்டில் ஒன்று, டார்ச்சை ஏற்றி இறக்க ஒன்று என நான்கு ஸ்டெப்பர் மோட்டார்கள் உண்டு. சட்டத்தின் மூலைகள் செங்கோணமா என்று பார்க்க மூலைமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று இதைக் கட்டப்போகிறவர்களுக்குச் சொல்வேன். ஓர் அடி நீள மூலைமட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை, நாலடி தூரத்தில் நாலு மடங்காகிவிடும். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, அவை ஒன்றாகும் வரை சட்டத்தைத் தட்டிச் சரிசெய்த பிறகுதான் கடைசி வெல்டிங்கை வைத்தேன்.

மின்மூலம், அதாவது வில்லுக்கு மின்சாரம் தரும் பெட்டி, 40 ஆம்பியர் இன்வெர்ட்டர். அதை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆம்பியர் எண்ணை விட, வில் பற்றும் முறையைத்தான். விலை குறைந்த பல பெட்டிகள் உயர் அதிர்வெண் மின்பொறியால் வில்லைப் பற்றவைக்கின்றன. கையால் வெட்டுகிறவர்களுக்கு அதில் தொந்தரவு இல்லை. கணினி இயக்கும் மேசையில் அதே பொறி கேபிள்களுக்குள் இரைச்சலாகப் புகுந்து, மோட்டாரைத் துள்ளவைக்கும், கட்டுப்பாட்டுப் பலகையை உறையவைக்கும். இரவல் வாங்கிய அப்படிப்பட்ட பெட்டியை வைத்துச் சோதித்த முதல் நாளில், ஒவ்வொரு முறை டார்ச் பற்றும்போதும் கணினியின் யு.எஸ்.பி. இணைப்பு அறுந்தது. அதனால், டார்ச்சுக்குள் வில் பிறக்கும் முனையான எலக்ட்ரோடும் நாசிலும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்து, காற்றழுத்தம் வந்ததும் விலகி, அந்த விலகலிலேயே பொறி பிறக்கும் டார்ச் உள்ள பெட்டியைத் தேடி வாங்கினேன். மேசைக்கென்று தனியாக எர்த் குழி தோண்டி, சட்டம், கட்டுப்பாட்டுப் பெட்டி, தகட்டைப் பிடிக்கும் கிளாம்ப் ஆகிய மூன்றின் எர்த் கம்பிகளையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தேன்.

கோடை மாதங்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 3 மி.மீ. தகட்டுக்கு 40 ஆம்பியர், நிமிடத்துக்கு 2600 மி.மீ. வேகம், 3.5 மி.மீ. உயரத்தில் துளைப்பு, 0.4 விநாடி தாமதம், பிறகு 1.5 மி.மீ. உயரத்துக்கு இறங்கி வெட்டு; 5 மி.மீ. தகட்டுக்கு வேகம் 1400, தாமதம் 0.7 விநாடி. இவை என் பெட்டிக்கும் என் நாசிலுக்கும் படிந்த எண்கள். வேறொரு பெட்டிக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், தகட்டின் அடியில் ஒட்டும் கசடைப் பார்த்து எவரும் தமக்குரிய வேகத்தைப் பிடித்துவிடலாம். வேகம் குறைந்தால் கசடு தடித்த குமிழ்களாகத் தொங்கும், உளியின் நுனி பட்டதும் உதிரும். வேகம் கூடினால் மெல்லிய கோடாகத் தகட்டோடு பற்றிக்கொண்டு கிரைண்டர் இல்லாமல் வராது. இரண்டுக்கும் நடுவே கசடே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அதைப் பிடிக்க, வேகத்தை நூறு நூறாகக் கூட்டி பத்துக் கோடுகள் வெட்டிப் பார்த்தேன். அரை மணி நேர வேலைதான்.

வெட்டும் திசையும் முக்கியம். டார்ச்சுக்குள் காற்று சுழன்று இறங்குவதால், வழக்கமான டார்ச்களில் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பு செங்குத்தாகவும் இடப்பக்க விளிம்பு சற்றுச் சாய்ந்தும் அமைகின்றன. ஆகவே துண்டின் வெளிவரியைக் கடிகார முள் திசையிலும், உள்ளே வரும் ஓட்டைகளை எதிர்த்திசையிலும் வெட்டினால், நல்ல விளிம்பு துண்டிலும் கெட்ட விளிம்பு கழிவிலும் சேரும். இந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் கற்க வேண்டிவந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சாரல் தொடங்கிய பின் வந்த கோளாறு ஒரே முகத்தோடு வரவில்லை என்பதே தேடலை இழுத்தடித்தது. முதல் நாளில் வெட்டு சாய்ந்தது. மறுநாள் வில் விட்டு விட்டு எரிந்தது, அதன் நிறத்தில் பச்சை கலந்தது. மூன்றாம் நாள் டார்ச் தகட்டை உரசிக்கொண்டே போனது. உரசலைப் பார்த்ததும் குற்றத்தை உயரக் கட்டுப்பாட்டின் மேல் போட்டேன். அது வில்லின் மின்னழுத்தத்தை வைத்து டார்ச்சின் உயரத்தைக் கணிக்கும் கருவி. மின்னழுத்தம் கூடினால் டார்ச் தகட்டை விட்டு விலகிவிட்டது என்று கருதி அதை இறக்கும். மூன்று நாள் அதன் எண்களை மாற்றிப் பார்த்தேன். உண்மையில் கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. எலக்ட்ரோடின் நுனியில் பதித்திருக்கும் ஹாஃப்னியம் பொட்டு தேய்ந்து குழிந்தால், வில்லின் நீளம் உட்பக்கமாக வளரும், உயரம் மாறாமலே மின்னழுத்தம் ஏறும். கருவி அதை நம்பி டார்ச்சைக் கீழே தள்ளும். நான் விளைவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நாசிலைச் சந்தேகித்தேன். இந்த முறை போலிச் சரக்கு வந்துவிட்டது என்று கடைக்காரரோடு தொலைபேசியில் சண்டையே போட்டேன். மே மாதத்தில் வாங்கி மீதமிருந்த ஒரு பழைய நாசிலை மாட்டியதும் அதுவும் 40 துளைப்புக்குள் போயிற்று. அந்தச் சண்டைக்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

காற்றில் நீர் இருக்கிறதோ என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் கம்ப்ரசரை ஒட்டியே நீர் பிரிப்பான் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் தேங்குவதும், அதை நான் திறந்து விடுவதும் தினமும் நடந்தன. கிண்ணத்தில் நீர் சேர்ந்ததால் அது நீரைப் பிடித்துவிடுகிறது என்று முடிவுகட்டினேன். பிடிபட்ட நீரைத்தான் கண்ணால் பார்க்க முடியும், தப்பிய நீரைப் பார்க்க முடியாது என்று அப்போது தோன்றவில்லை.

வீட்டுக் குளிர்ப்பெட்டியைப் பழுது பார்க்கப் புனலூர்ப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் வருவார். மலையாளம் கலந்த தமிழில் பேசும் அவரை நான் சேட்டா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். ஜூலை நடுவில் வந்தவர், தேநீர்க் குவளையோடு பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, நீர் பிரிப்பானுக்கு முன்னால் உள்ள குழாயில் கையை வைத்து உடனே எடுத்தார். "அண்ணாச்சி, குழாய் சுடுதல்லோ? சுடுற காத்துல தண்ணி ஆவியாத்தானே போகும். தணிச்சிட்டுல்ல பிடிக்கணும்" என்றார். குளிர்ப்பெட்டிக்காரருக்கு அது அன்றாடக் கணக்கு.

அன்றிரவு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என் டார்ச் நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டர் காற்றைக் கேட்கிறது, அதாவது மணிக்கு 10 கன மீட்டருக்குச் சற்று மேல். 27 டிகிரி வெப்பத்தில் நீராவி நிறைந்த காற்று, கன மீட்டருக்கு ஏறத்தாழ 25.8 கிராம் நீரைத் தாங்கும். சாரல் நாளில் ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 23 கிராம். ஒரு மணி நேரம் இடைவிடாமல் வெட்டினால் கம்ப்ரசர் 230 கிராம் நீரை உள்ளே இழுக்கிறது, கிட்டத்தட்ட கால் லிட்டர். வெளிக்காற்றுக்கு மேலும் 7 பார் அழுத்தத்தில் அந்தக் காற்றின் கன அளவு எட்டில் ஒன்றாகி 1.25 கன மீட்டராகச் சுருங்கிவிடும். அது 27 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் அதற்குள் 32 கிராம் மட்டுமே ஆவியாக நிற்க முடியும், மீதி முழுவதும் நீராகிப் பிரிப்பானில் மாட்டும். 50 டிகிரிச் சூட்டிலேயே பிரிப்பானைக் கடந்தால், கன மீட்டருக்கு 83 கிராம் வீதம் 104 கிராம் ஆவியாகத் தப்பிவிடும். பிரிப்பானுக்கு அப்பால் ஆறு மீட்டர் ஹோஸ், சாரலில் குளிர்ந்த தரை, அதன் முடிவில் டார்ச். தப்பிய 104 கிராமில் 70 கிராம் அங்கேதான் நீராகிக்கொண்டிருந்தது. கோடையில் இங்கே காற்று உலர்ந்திருந்ததால் இதே பிழையான அமைப்பு நாலு மாதம் குட்டு வெளிப்படாமல் ஓடியிருக்கிறது.

குழாயின் சூட்டை அளக்க, தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைப் பயன்படுத்தினேன். பளபளக்கும் செம்பின் மேல் அது பொய் சொல்லும். ஒரு சுற்றுக் கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால்தான் எண் நம்பத்தக்கது. பிரிப்பானின் வாயில் 49 டிகிரி காட்டியது. டார்ச்சில் வில் இல்லாமல் காற்றை மட்டும் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னே பிடித்தபோது அரை நிமிடத்தில் அதன் மேல் பொட்டுப் பொட்டாக நீர் கட்டியது. இந்தக் கண்ணாடிச் சோதனைக்குக் காசு செலவில்லை. இதை ஐந்து வாரத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

மாற்றங்கள் மூன்று. முதலாவது, கம்ப்ரசரின் தலையிலிருந்து தொட்டிக்குப் போகும் குட்டைக் குழாயை எடுத்துவிட்டு, அரை அங்குலச் செம்புக் குழாய் 12 மீட்டரைச் சுருளாகச் சுற்றி, பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றின் முன்னால் நிறுத்தினேன். சுருளின் எந்த இடத்திலும் நீர் தேங்காதபடி தொட்டியை நோக்கிச் சரிவு கொடுத்தேன். கம்ப்ரசர் தலைக்கும் தொட்டிக்கும் நடுவே மூடக்கூடிய வால்வு எதையும் வைக்கக் கூடாது. தவறி மூடிவிட்டால் அழுத்தம் போக இடமின்றித் தலை வெடிக்கும். இரண்டாவது, நீர் பிரிப்பானைக் கம்ப்ரசரிடமிருந்து பிடுங்கி, மேசையின் பக்கம், காற்று குளிர்ந்து வந்து சேரும் இடத்தில் மாட்டினேன். இடைப்பட்ட குழாயை இரும்பில் போட்டேன். விலை மலிவு என்று பி.வி.சி. குழாயில் அழுத்தக் காற்றைக் கொண்டுபோகிற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அது ஒருநாள் உடைந்தால் கண்ணாடிச் சில்லுகளைப் போலச் சிதறும் என்பதால் அந்த மலிவு எனக்கு வேண்டாம்.

மூன்றாவது, பிரிப்பானுக்கு அடுத்து ஒன்றரைக் கிலோ சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி. நீலநிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் கலந்திருப்பதால், ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்கினேன். சாரல் காலத்தில் எட்டு மணி நேர வெட்டுக்குள் நிறம் மாறிவிடுகிறது. அப்போது தட்டில் பரப்பி 120 டிகிரியில் மூன்று மணி நேரம் சுட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சமையலறை ஓவனை இதற்குக் கேட்டு நான் வாங்கிய பதிலை இங்கே எழுத முடியாது. பட்டறைக்கென்று ஒரு பழைய ஓவன் வாங்கிவிட்டேன்.

அதன் பிறகு பிரிப்பானின் வாயில் சூடு 31 டிகிரிக்கு இறங்கியது, கண்ணாடியில் ஒரு துளியும் கட்டவில்லை. ஆகஸ்டு முதல் வாரம், மழை சிறிதும் குறையாத நாட்களில், மாட்டிய முதல் நாசில் 231 துளைப்பு உழைத்தது, அடுத்தது 246.

மேசையின் அடியில் உள்ள நீர்த்தொட்டி பற்றியும் இரண்டு வார்த்தை. தகட்டைத் தாங்கும் பட்டைகளுக்குக் கீழே நீர் நிறுத்தி வைத்தால் தூசியும் பொறியும் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். ஆனால் அலுமினியத்தை நீர்த்தொட்டியின் மேல் வெட்டக் கூடாது. உருகிய அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அது தகட்டுக்கு அடியில் தேங்கிப் பொறிபட்டால் வெடிக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை வெட்டும்போது வரும் வெள்ளைப் புகை துத்தநாக ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் அன்று மாலையே குளிர்சுரம் வரும், மறுநாள் தணியும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கத்து வெல்டர்கள் சொல்வதை நம்பி நானும் குடித்திருக்கிறேன். சுரம் பாலுக்காகக் காத்திருக்கவில்லை. இப்போது ஜி.ஐ. தகட்டுக்குப் பதிலாகப் பூச்சில்லாத கறுந்தகட்டையே வாங்கி, வெட்டிய பிறகு பிரைமர் அடிக்கிறேன்.

காற்று சரியானதும் எடுத்த முதல் பெரிய வேலை, தென்மலையில் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டியிருக்கும் அத்தானுக்கான வாசல் கேட். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் கழுதுருட்டியில் நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தை, செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருப்பார்கள். கேட்டின் நடுப்பட்டையில் அந்தப் பாலத்தை வெட்டித்தர வேண்டும் என்று அக்காவும் அத்தானும் கேட்டார்கள். கேட் இரண்டு கதவு, பதின்மூன்று ஒற்றைப்படை. ஆகவே ஒரு கதவுக்கு ஆறரைக் கண், ஏழாவது கண் நடுவில் பிளந்து இரண்டு கதவிலும் பாதி பாதி. ஒவ்வொரு பட்டையும் 5 மி.மீ. தகட்டில் 1200க்கு 350 மி.மீ.; கண் ஒன்று 140 மி.மீ. அகலம், கண்களுக்கு நடுவே தூண் 44 மி.மீ.

கண்களை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டிய சோதனைத் துண்டு, குளிர்ந்த பின் வாழைக்காய் போல வளைந்தது. ஒரு தூணின் இரு பக்கமும் அடுத்தடுத்துச் சூடாவதுதான் காரணம். பிறகு ஒன்று, நாலு, இரண்டு, ஐந்து, மூன்று, ஆறு என்று தாண்டித் தாண்டி வெட்டும்படி வரிசையை மாற்றினேன். வெளிவரியைக் கடைசிக்குத் தள்ளினேன். வெட்டத் தொடங்கும் புள்ளியை ஒவ்வொரு கண்ணின் கழிவுப் பகுதிக்குள் 8 மி.மீ. தள்ளி வைத்து, அங்கிருந்து வளைவாக வரிக்குள் நுழையவைத்தேன். துளைப்பின்போது தெறிக்கும் பள்ளம் அதனால் துண்டில் விழாது. கண்ணின் அடிமூலைகளில் வேகம் குறையும்போது வெட்டு அகலமாகி மின்னழுத்தம் ஏறுவதால், உயரக் கட்டுப்பாடு ஏமாந்து டார்ச்சைக் கீழே இறக்கப் பார்க்கும். குறித்த வேகத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கட்டுப்பாடு உறைந்து நிற்கும்படி அமைத்தேன். மூன்றாவது கண்ணின் கழிவுத் துண்டு பட்டைகளுக்கு நடுவே சாய்ந்து நிமிர்ந்து நின்று, திரும்பி வந்த டார்ச்சை இடித்தது. காந்தத்தால் ஒட்டியிருந்த பிடி கழன்றுவிட்டதால் டார்ச் தப்பியது.

முதல் கதவின் பட்டை அழகாக வந்தது. இரண்டாவது அதன் கண்ணாடிப் பிம்பம்தானே என்று, மறுபடி வரையும் சோம்பலில், கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே எக்ஸ் அச்சைத் தலைகீழாக்கி வெட்டினேன். அளவுகள் எல்லாம் பொருந்தின. விளிம்புகள் எல்லாம் சாய்ந்திருந்தன. பிம்பத்தில் கடிகாரமும் எதிராகத்தான் ஓடும். வெளிவரி எதிர்த்திசையிலும் கண்கள் கடிகாரத் திசையிலும் வெட்டப்பட்டு, கெட்ட விளிம்பு முழுவதும் துண்டின் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. முதல் பட்டையையே இன்னொரு முறை வெட்டி, அதைப் புரட்டி மாட்டியிருக்கலாமே என்றால், அப்போது கசடு ஒட்டும் அடிப்பக்கம் தெருவைப் பார்க்கும். வரைபடத்திலேயே பிம்பம் எடுத்து, வெட்டும் பாதையைப் புதிதாக உண்டாக்குவதுதான் வழி. சாய்ந்த பட்டையை வீசாமல், அதைக் குறுக்கே அறுத்துப் பட்டறைக் கதவுக்குத் தாங்கிகளாக்கிக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் கேட்டை வேனில் ஏற்றி, புளியரைக்கு மேலே எஸ் வளைவில் கயிறு தளர்ந்து ஒருமுறை நிறுத்திக் கட்டி, தென்மலையில் கொண்டுபோய் மாட்டினோம். கதவுகள் மூடும்போது நடுவே 6 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று கீல்களை அதற்கேற்ப வைத்திருந்தேன். அந்த ஆறைப் படத்தில் கழிக்க மறந்துவிட்டேன். மூடிய கேட்டில் ஏழாவது கண் மற்றவற்றை விட 6 மி.மீ. அகலம். அத்தான் இன்று வரை கவனிக்கவில்லை. அக்கா முதல் நாளே விரல் வைத்துக் காட்டினாள்.